நோனாவை மண்ணில் விட்ட டொறீன்

பலாபத்வலயில் பிரதான வீதியோரம் இருக்கும் ஸப்வானின் கோழிக் கடையில் டொறீனிடம் வாய் கொடுத்தவன் எவனும் இரண்டாம் முறை கொடுத்ததில்லை. அந்தக் கடையில் அறுப்பது அன்ஸாப். பிஸ்மி சொல்லி அவன் அறுத்துப் போட்ட பிறகு மிச்ச வேலை முழுவதும் டொறீனுடையது. தோல் உரிப்பாள், குடல் எடுப்பாள், தொடையையும் நெஞ்சையும் பிரிப்பாள், எலும்போடு துண்டு போடுவாள். எங்கே வெட்டினாலும் ஒரே வெட்டுத்தான். ஒரே இடத்தில் இரண்டு தரம் வெட்டுகிறவர்களை அவள் வெட்டத் தெரிந்தவர்களாகவே மதிக்க மாட்டாள்.

தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போகிற லொறிக்காரன் ஒருவன், அந்தப் பாதைக்குப் புதியவன், அவள் குனிந்து குடல் எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் இடுப்பைப் பற்றி ஏதோ சொன்னான். டொறீன் நிமிரவில்லை. கத்தி மட்டும் பறந்தது. அவன் கை ஊன்றியிருந்த பலகையில், விரலுக்கும் விரலுக்கும் நடுவில் குத்தி நின்றது. அவன் கோழியை வாங்காமலே லொறியில் ஏறினான். ஸப்வான் தலையில் கை வைத்துக்கொண்டு, "என்னா டொறீன், யாவாரம் பண்றதா, பொலிசுக்கு அலையிறதா?" என்றார்.

"விரல்ல படல தானே மொதலாளி," என்று சொல்லிவிட்டு அவள் கத்தியைப் பிடுங்கிக் கழுவினாள். படக் கூடாது என்று எறிந்தாள், படவில்லை. அவள் வலது கையை ஊரே நம்பியது. அவளும் வேறெதையும் நம்பியதில்லை.

இந்தக் கோபம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். சம்பளத்தன்று அப்பன் குடித்துவிட்டு வந்து அம்மாவைக் கூந்தலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் போட்டு மிதிப்பான். லயமே வேடிக்கை பார்க்கும். டொறீன் கொஞ்சம் வளர்ந்ததும் ஒருநாள் விறகுக் கட்டையால் அப்பனின் முழங்கையை உடைத்தாள். அதோடு அந்த வீட்டில் அடி நின்றது. கையை ஓங்கினால் காரியம் நடக்கும் என்று அன்று படித்தாள். பாவசங்கீர்த்தனத்தில் பாதர் எவ்வளவு புத்தி சொன்னாலும், கோயில் படியை விட்டு இறங்குமுன் அவளுக்கு யாராவது அகப்பட்டுவிடுவார்கள்.

அதிகமாக அகப்பட்டவன் லெஸ்லி, அவள் புருசன். மரக்கறி லொறியில் உதவியாளாக ஓடிக்கொண்டிருந்தவன். மூட்டை சரிந்து முதுகில் விழுந்த பிறகு வேலையை விட்டான். முதுகு சுகமான பிறகும் வேலைக்குப் போகவில்லை. பிளாஸ்டிக் கதிரையில் கால் நீட்டி, போனில் அடுத்தவர்கள் வேலை செய்கிற வீடியோக்களைப் பார்ப்பான். ஆரம்பத்தில் இருவரும் சரிக்குச் சரி அடித்துக்கொண்டார்கள். ஒரு தடவை அவன் விட்ட குத்தில் அவளுக்கு முன்பல் ஒன்று போயிற்று. பதிலுக்கு அவள் குழவிக்கல்லைத் தூக்கினாள். அவன் வேலியைப் பாய்ந்து ஓடித் தப்பினான். அதன் பிறகு அவன் கை ஓங்குவதை விட்டுவிட்டான். அவள் விடவில்லை.

அந்தப் பல் போன வாரத்தில்தான் ஆமைகள் வீட்டுக்கு வந்தன. லெஸ்லி அப்போது இன்னும் லொறி வேலையில் இருந்தான். தம்புள்ளையில் ஒரு வியாபாரி வீட்டில் பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, பெரிதானதும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட சோடி. காதோரம் சிவப்புக் கோடு போட்ட தண்ணி ஆமைகள். சமாதானத்துக்கு வேறொருவன் சேலை வாங்கியிருப்பான். இவன் ஒரு வாளியைக் கொண்டுவந்து அவள் முன் வைத்துவிட்டு, அடி விழுந்தால் ஓடுவதற்கு வசதியாக வாசலில் போய் நின்றான்.

டொறீன் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். பெரியது கழுத்தை நீட்டி அவளைத் திருப்பிப் பார்த்தது. பயப்படவில்லை. அவளுக்கு அது புதிது. கடையில் அவள் கூட்டைத் திறந்தால் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் ஒடுங்கும். தெரு நாய் அவளைக் கண்டால் பாதை மாறும். புருசன் வாசலில் நிற்கிறான். இந்த இரண்டும் மட்டும் அவள் காலடி கேட்டால் தண்ணீரை அடித்துக்கொண்டு அவள் பக்கம் நீந்தி வந்தன. டொறீனுக்கு அந்த ஆமைகள்மேல் பாசம் என்றால் பாசம், அப்படி ஒரு பாசம். இதில் மறைக்க ஒன்றுமில்லை. பெரியவளுக்கு நோனா என்றும், சின்னவனுக்குத் தொரை என்றும் பெயர் வைத்தாள். தோட்டத்தில் அவள் அம்மா தலை நிமிர்ந்து பார்க்காத தொரையும் அவர் பெண்சாதி நோனாவும் இப்போது அவள் கையால் ஈரல் துண்டு வாங்கித் தின்றார்கள். பெரிய துண்டாகப் போட்டால் விழுங்கப் பார்த்துத் திக்குமுக்காடும் என்று எப்போதும் பொடிப்பொடியாக வெட்டித்தான் போடுவாள்.

வாடகை வீடு. பின்னால் இருப்பது சீமெந்து முற்றம். பின்னேரங்களில் வெயில் காயட்டும் என்று இரண்டையும் முற்றத்தில் விடுவாள். ஒருநாள் அடுப்பில் சோறு பொங்குகிறது என்று உள்ளே போனாள். போய் மூடியைத் திறந்துவிட்டு வருவதற்குள் தெரு நாய் ஒன்று படலையால் நுழைந்து தொரையைக் கவ்விவிட்டது. அவள் கேட்டது ஓடு நொறுங்குகிற சத்தம். ஓடிவந்து பார்த்தபோது நாய் முன்னங்கால்களுக்கு நடுவில் ஆமையை வைத்து எலும்பு கடிப்பதுபோல் கடித்துக்கொண்டிருந்தது. டொறீன் சோற்றகப்பையாலேயே அதன் முதுகில் போட்டாள், அகப்பை முறிந்தது. பிறகு கதவுக்கு முட்டுக் கொடுக்கிற இரும்பை எடுத்தாள். நாய் பின்காலை இழுத்துக்கொண்டு ஊளையிட்டு ஓடிற்று. பிரதான வீதி வரைக்கும் துரத்தினாள், பஸ்காரன் பிரேக் போட்டுக் கத்தினான், அவனுக்கும் திட்டு விழுந்தது. திரும்பி வந்தபோது தொரை உடைந்த ஓட்டோடு நீர்க்குழாயடிக்கு நகரப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் இரத்தம் கோடு போட்டிருந்தது. கோழிகளை நாள் முழுக்க வெட்டுகிறவள் அன்றைக்கு முற்றத்தில் குந்தி வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, கதிரையில் இருந்த லெஸ்லியை அறைந்தாள்.

"நான் என்னா செஞ்சேன்?" என்றான் அவன்.

"ஒண்ணும் செய்யல. அதுக்குத்தான்."

அதன் பிறகு நோனாவை வெளியே விடவில்லை. பெரிய பேசினில், குளியலறையில் அடைத்து வைத்தாள். அடுத்த மழைக்காலம் முடிந்த கையோடு நோனா தின்பதை நிறுத்திற்று. இரவும் பகலும் பேசினின் சுவரைப் பின்னங்காலால் பிறாண்டியது. பிறாண்டிப் பிறாண்டி நகம் தேய்ந்து இரத்தம் வந்தது. டொறீன் அதைத் துவாயில் சுற்றி மாத்தளைக்கு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள். அவர் பின்னங்காலுக்கு முன்னால் இருக்கிற குழியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"வயிறு நிறைய முட்டை. மண்ணு இல்லாம போட மாட்டா. தோண்டி, புதைச்சுத்தான் போடுவா. இப்படியே அடைச்சு வச்சா உள்ளுக்கே அழுகி செத்துரும்மா. வெயிலும் நிழலும் உள்ள இடத்துல, ஈரமான மண்ணுல, பயமில்லாம விட்டுப் பாருங்க. சீக்கிரம் செய்யணும்."

பயமில்லாமல் விடுவதாம். டொறீன் பஸ்ஸில் துவாய் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். இந்த ஊரில் எதைப் பயமில்லாமல் வெளியே விட முடியும்?

மண் இருந்தது சந்திரகாந்தாவிடம். பக்கத்து வளவு அவளுடையது. பாதி வளவு மிளகு. புருசன் இல்லாதவள், டொறீனைவிட மூத்தவள், வாய் மட்டும் டொறீனுக்குச் சமம். அவள் சிங்களத்தில் கத்துவாள், இவள் தமிழில் கத்துவாள், இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கும். இவளுக்கு அவள் அக்கே, அவளுக்கு இவள் நங்கி. அவர்களுக்குள் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. கடையில் மிஞ்சுகிற கோழிக் குடலை டொறீன் வாளியில் கொண்டுவந்து மிளகுக் கொடிகளின் அடியில் புதைப்பாள். அந்தப் பசளைக்கு மிளகு கறுகறுவென்று காய்த்தது. பதிலுக்கு டொறீன் வீட்டுக்கு வருசத்து மிளகு சந்திரகாந்தாவின் செலவு.

"அக்கே, வேலியோரம் ஒரு துண்டு மண்ணு குடுங்க. நோனா முட்டை போடணும்."

"எனக்கு வாடகைக்கு இருக்க ஒரு மனுசன் கிடைக்கல, ஆமை வந்து இடம் கேக்குதா?" என்று சந்திரகாந்தா சிங்களத்தில் சிரித்தாள். பிறகு அவளே மம்பட்டியோடு வந்து நின்றாள். மண் பொலபொலவென்று இருக்கிற இடம் குடல் புதைத்த கொடிகளின் பக்கம்தான் என்று அங்கேயே இடம் காட்டினாள். இரண்டு பேருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

டொறீன் வேலையில் இறங்கினால் பேய் மாதிரி. ஆமை கீழால் தோண்டிப் போய்விடும் என்று கான் வெட்டி, புளொக் கல்லை முழங்கை ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்கினாள். மூலைகளில் தொற்றி ஏறிவிடும் என்று மூலைக்கு மேல் பலகை வைத்தாள். இன்னொரு பேசினைத் தரைமட்டத்துக்குப் புதைத்து, இறங்கி ஏற ஒரு சரிந்த கல் போட்டாள். மேலே பருந்துக்கும் காகத்துக்கும் கடையின் பழைய கூட்டு வலையை இழுத்துக் கட்டினாள். மத்தியானம் கடையால் வந்ததும் நோனாவை அதற்குள் விட்டு, பக்கத்தில் குந்தியிருப்பாள். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் தூக்கி வந்துவிடுவாள். லெஸ்லி கதிரையில் இருந்தபடி, "ஆமைக்குக் கோட்டை கட்டுறா," என்றான். ஒரு புளொக் கல் அவன் கதிரைக் காலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

நோனா அந்த மண்ணை மோந்து பார்த்தது. ஓரிடத்தில் தோண்டும், விட்டுவிடும், வேறிடத்தில் தோண்டும். கொஞ்சம் சத்தம் கேட்டாலும் தலையை இழுத்துக்கொள்ளும். சத்தத்துக்கா குறைச்சல்? குடல் வாசத்துக்கு உடும்பு இனத்து கபரகொய்யா ஒன்று வந்தது, டொறீன் நீளத்துக்கு. நாக்கை நீட்டி நீட்டி வலைக்குள் பார்த்தது. டொறீன் மம்பட்டியின் விளிம்பால் வாலில் ஒன்று போட்டாள். வால் துண்டு துடித்துக்கொண்டு கிடந்தது, கபரகொய்யா சீறிக்கொண்டு வாய்க்காலுக்குள் விழுந்தது. மறுநாள் குரங்குகள் வலையைப் பிய்க்க வந்தன. அவற்றில் ஒன்றின் மண்டையில் கல் பட்டது. அது மரத்தில் இருந்து பொத்தென்று விழுந்து, எழும்பி, ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு போயிற்று. டொறீனுக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் அடுத்த கல்லைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். நோனாவின் உயிர் வயிற்றுக்குள் அழுகுகிறதே என்ற ஒரே நினைப்பில் அவள் கண் மண் தெரியாமல் நின்றாள்.

ஒருநாள் அவள் கடைக்குப் போய் வருவதற்குள் கூடு நாசமாகியிருந்தது. விடியுமுன் காட்டுப்பன்றி வந்திருக்கிறது. புதைத்த குடலைத் தேடி மூஞ்சியால் கிண்டியதில் புளொக் கற்கள் பிடுங்குப்பட்டுக் கிடந்தன, வலை கிழிந்து சேற்றில் மிதிபட்டிருந்தது, பேசின் இரண்டாகப் பிளந்திருந்தது. மிளகுக் கொடிகளும் வேரோடு சாய்ந்திருந்தன. நோனா வீட்டுக்குள் இருந்ததால் தப்பியது. சந்திரகாந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள்.

"உன் குடல்தான் நங்கி பன்றியைக் கூட்டிக்கொண்டு வந்தது!"

"யாரு மொளகுக்குப் பொதைச்சேன்? என் ஆமையா மொளகு திங்குது?"

கத்தி முடித்து இருவரும் சேர்ந்து கற்களை நிமிர்த்தினார்கள். வீட்டுக்கு வந்தபோது லெஸ்லி கதிரையில் போனோடு இருந்தான். டொறீன் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். பிறகு அவனை. கன்னத்தில் அவள் விரல்கள் பதிந்தன.

"ஒரு ஆம்பளையா இந்த வீட்டுல ஒரு வேலை செஞ்சிருக்கியா நீ? ஒரு வேலை? பன்னி வருது, நாய் வருது, எல்லாத்தோடயும் நானே மல்லுக்கு நிக்கணும். நோனா செத்துச்சுன்னா ஒன்னையும் சேத்துப் பொதைப்பேன்!"

லெஸ்லி கன்னத்தைத் தடவிக்கொண்டு எழும்பிப் போனான். மெய்யாகவே எழும்பிப் போனான். நாவுலவுக்குப் பஸ் ஏறினான். அங்கே தோட்டம் செய்கிற பழைய சிநேகிதன் ஒருவனிடம் பன்றிவெடி இருந்தது. சிங்களத்தில் ஹக்கபட்டாஸ் என்பார்கள். தீனுக்குள் சுற்றி வைப்பார்கள், பன்றி கடித்ததும் தாடையோடு பிளக்கும். சட்டத்துக்கு விரோதம் என்று எல்லோருக்கும் தெரியும், வைக்கிறவர்களுக்கும் தெரியும். லெஸ்லி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். டொறீனின் வாளியில் இருந்து கோழித் தோல் எடுத்துப் பொதிந்து, அவள் படுத்த பிறகு, பன்றி கிண்டிய அதே இடத்தில், கூட்டுக்குள் வைத்தான். அவளிடம் சொல்லவில்லை. பன்றி செத்துக் கிடப்பதைக் காலையில் காட்டி, "இந்தா, ஒரு வேலை செஞ்சிருக்கேன்" என்று சொல்ல ஆசைப்பட்டான். பன்றி வராவிட்டால் டொறீன் விடியுமுன் கடைக்குப் போய்விடுவாள், மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கிறது, எழும்பி எடுத்துவிடலாம் என்று அவன் கணக்கு.

வேலைக்குப் போகிறவனாக இருந்தால் கிழமை தெரிந்திருக்கும். மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. போயாவுக்கு நாடு முழுக்க இறைச்சிக் கடைக்குப் பூட்டு.

டொறீன் அன்று விடிந்த பிறகே எழும்பினாள். லெஸ்லி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நோனா பேசினில் ஒரு பக்கமாகச் சரிந்து, கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மத்தியானம் வரைக்கும் பார்க்க முடியாது என்று அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தின நாள் ஈரலையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வளவுக்குப் போனாள். வெயில் அப்போதுதான் மிளகு இலைகளில் இறங்கிக்கொண்டிருந்தது. மண் ஈரமாக இருந்தது. நோனாவைக் கீழே விட்டதும் அது நேராக மூலைக்குப் போய்ப் பின்னங்காலால் தோண்ட ஆரம்பித்தது. இந்தத் தடவை விடாமல் தோண்டியது. டொறீன் மூச்சுக்கூட விடாமல் குந்தியிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நோனா நிறுத்திற்று. தலையைத் திருப்பி எதையோ பார்த்தது. நாட்கணக்கில் எதுவும் தின்னாத ஆமை, மண் ஒட்டிய கோழித்தோல் உருண்டை ஒன்றை நோக்கி நகர்ந்து போய் வாயைத் திறந்தது.

டொறீனுக்குச் சந்தோசம் பொங்கியது. தின்னப் போகிறது! நேற்றுக் கல் நிமிர்த்த வந்தபோது தன் வாளியில் இருந்து விழுந்திருக்கும் என்று நினைத்தாள். உருட்டி வைத்ததுபோல் இருந்ததும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோழித் தோலோடு வாழ்நாளைக் கழிக்கிறவளுக்கு அதில் என்ன சந்தேகம்? ஆனால் துண்டு பெரிசு. நோனா கவ்வுமுன் எட்டி எடுத்தாள்.

"பொறு நோனா, பொறு. ஒனக்குத் திக்கும். வெட்டித் தாறேன்."

நோனாவைத் தூக்கித் தன் முதுகுப் பக்கம் விட்டாள். உருண்டையைச் சரிந்த கல்லில் வைத்து, இடது கையை விலக்கிக்கொண்டு, வலது கையால் கத்தியை ஓங்கினாள். ஒரே வெட்டு.

சத்தம் வீதி வரைக்கும் கேட்டது. டொறீனுக்குக் கேட்கவில்லை. எல்லாம் வெள்ளையாகிப் பிறகு புகையாகியது. அவள் மல்லாந்து கிடந்தாள். முகத்தில் எரிந்தது, காதுக்குள் கூவியது. எழும்பி உட்கார்ந்து கத்தியைத் தேடினாள். கத்தி வேலியில் செருகியிருந்தது. அதை எடுக்க வலது கையை நீட்டியபோதுதான் கண்டாள், மணிக்கட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. கிழிந்த சதையும் வெள்ளை எலும்பும், அதிலிருந்து பீறிட்ட இரத்தமும்தான். கோழியில் இதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். தன்னுடையது என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

சந்திரகாந்தா ஓடி வந்தாள். உடுத்திருந்த சீத்தைத் துணியைக் கிழித்து டொறீனின் கையை மேலே இறுக்கிக் கட்டினாள், பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தாள். டொறீன் அவள் தோளைக் கடித்துக்கொண்டு அலறினாள். அலறலுக்கு நடுவில், "நோனா எங்க? அக்கே, நோனா எங்க?" என்று கேட்டாள்.

"இருக்கு! ஓட்டுல ஒரு கீறல். நீ வாயை மூடு!"

முச்சக்கரவண்டியில் மாத்தளை வரைக்கும் சந்திரகாந்தா அவளை மடியில் போட்டு, கட்டை விடாமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். அவள் அந்தப் பிடியை விட்டிருந்தால் டொறீன் வழியிலேயே முடிந்திருப்பாள் என்று டொக்டர் பிறகு சொன்னார்.

டொறீன் தெளிவாகக் கண் விழித்தபோது மறுநாள் மத்தியானம். வலது கை ஒரு பெரிய வெள்ளைப் பந்தாகத் தலையணையில் கிடந்தது. கட்டிலருகில் லெஸ்லி நின்றான். சவரம் செய்யாத முகம், சட்டையெல்லாம் சேறு. அவன் குனிந்து முதலில் சொன்னது இதைத்தான்.

"டொறீன், நோனா முட்டை போட்டுருச்சு. நேத்துப் பின்னேரம். அந்த மூலையிலயே. மூடி முடிக்கிற வரைக்கும் நானு பக்கத்துலயே இருந்தேன். காக்கா வந்துச்சு, கம்பால அடிச்சேன். கூட்டுலதான் இருக்கு, இப்ப நல்லா திங்குது."

டொறீனின் கண்ணோரத்தால் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. அவன் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும். இது பொய்யில்லை. இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக அவனைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு இளகியது.

"அக்கே எங்க?" என்று கேட்டாள்.

லெஸ்லி வாட்டின் வாசலைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒரு பொலிஸ் சார்ஜன் தாதியோடு பேசிக்கொண்டு நின்றார். லெஸ்லி குரலைத் தாழ்த்தினான்.

"அவங்களப் பொலிசு கொண்டுபோயிருச்சு. அவங்க வளவுல தானே வெடிச்சது. அவங்க வச்சதுன்னு நெனைக்கிறாங்க."

"அக்கே வைக்க மாட்டா."

"தெரியும். நாந்தான் வச்சேன் டொறீன். பன்னிக்குத்தான் வச்சேன். ஒன் நோனாவுக்காகத்தான். நீதானே ஒரு வேலை செய்யச் சொன்ன? போயான்னு மறந்துட்டேன். இங்க பாரு, ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லிரு. அவங்க சிங்கள ஆளு, சொந்தக்காரங்க இருக்காங்க, எப்படியும் வெளிய எடுத்துருவாங்க. நான் உள்ள போனா எனக்கு யாரு வருவா? கையில்லாம நீ இருக்க, ஒன்னை யாரு பாக்கிறது? நோனாவ யாரு பாக்கிறது?"

அவன் சொன்னதில் பாதி நியாயம்கூட இருந்தது. இனி அவளுக்குச் சோறு பிசைந்து தரவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவனாகத்தான் இருக்க முடியும். அது அவளுக்கு விளங்கியது. தன் சீத்தையைக் கிழித்து, டொறீனின் இரத்தத்தில் குளித்து, முடிச்சைப் பல்லால் இழுத்தவள் பொலிஸ் கூட்டில் குந்தியிருப்பதும் விளங்கியது.

டொறீன் இடது முழங்கையை ஊன்றி எழும்பினாள். லெஸ்லிக்கு அந்த முகம் தெரியும். பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் கொடுத்தான். வலது கை தன் பாட்டில் பின்னால் போய், முழு வேகத்தோடு வீசி வந்தது.

அடி விழவில்லை. அவன் முகத்துக்கு ஒரு கை தூரத்தில், வெறும் காற்றில் போயிற்று.

கட்டுக்குள் தீ பிடித்ததுபோல் வலி தோள் வரை ஏறியது. அவள் கத்திய கத்தில் பக்கத்துக் கட்டில்காரி எழும்பி உட்கார்ந்தாள். லெஸ்லி இன்னும் கண்ணை மூடிக்கொண்டே நின்றான். அடிக்காகக் காத்துக்கொண்டு நின்றான். அவள் அந்த வெள்ளைப் பந்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இனி ஓங்க ஒன்றும் இல்லை. வாய்தான் மிச்சம்.

சத்தம் கேட்டு சார்ஜன் வந்தார். வெடியை யார் வைத்தது என்று தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். டொறீன் பல்லைக் கடித்துக்கொண்டு, அவருக்கு விளங்கும்படி சிங்களத்திலேயே, லெஸ்லியின் முழுப் பெயரையும் சொன்னாள். பிறகு, "என் புருசன். இந்தா நிக்கிறான். அந்த மனுசிய விடுங்க," என்றாள்.

லெஸ்லி கண்ணைத் திறந்தான். சார்ஜன் அவன் முழங்கையைப் பிடித்தார். வாசலுக்குப் போனதும் டொறீன் கூப்பிட்டாள்.

"லெஸ்லி."

அவன் திரும்பினான்.

"பொலிசுல அக்கேயக் கண்டா சொல்லு. பொழுது சாயிறதுக்குள்ள நோனாவ உள்ள தூக்கி வைக்கச் சொல்லு. கூட்டுக்கு மேல வலை இல்ல."